அம்மாவுடன் குளிர்காலத்தில் அல்ஹம்ப்ரா: போகும் முறையும் பார்க்கும் முறையும்

ஸ்பெயினின் தெற்கே அந்தலூசியாவில், பனி மூடிய சியேரா நெவாடா மலைத்தொடரின் அடிவாரத்தில், கிரனடா என்னும் நகரம் இருக்கிறது. அந்நகரை ஒட்டிய சபிகா குன்றின் மேல் செம்மண் நிற மதில்களோடு நீண்டு கிடப்பதுதான் அல்ஹம்ப்ரா. 'சிவந்தது' என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. நஸ்ரிய மரபின் முதல் சுல்தானான முதலாம் முகம்மது 1238இல் இங்கே கோட்டை கட்டத் தொடங்கினார். அவர் வழிவந்தோர் ஒருவர் பின் ஒருவராக அரண்மனைகளைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். 1492 ஜனவரி 2 அன்று கடைசி சுல்தான் பன்னிரண்டாம் முகம்மது நகரத்தை இசபெல்லா, பெர்டினாண்டு ஆகிய கத்தோலிக்க அரசர்களிடம் ஒப்படைத்தார். இந்தச் சுல்தான்கள் உட்பட, ஸ்பெயினும் போர்த்துக்கலும் அமைந்த ஐபீரியத் தீபகற்பத்தையும் வட ஆப்பிரிக்காவையும் சேர்ந்த முஸ்லிம்களை ஐரோப்பியர் 'மூர்' என்று அழைத்தனர். அதே சொல்லைத்தான் போர்த்துக்கீசியர் கப்பலேற்றிக் கொண்டுவந்து இலங்கையின் சோனகர்களுக்கும் சூட்டினார்கள் என்பதால், இலங்கைத் தமிழ் வாசகர்களுக்கு அது புதிய சொல் அன்று.

எழுபது வயதைக் கடந்த தாயையோ தந்தையையோ குளிர்காலத்தில் அங்கே அழைத்துச் செல்ல நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதலில் எழும் ஐயம் பருவத்தைப் பற்றியதாகவே இருக்கும். கிரனடா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். ஜனவரியில் பகல் வெப்பநிலை 12, 13 பாகை செல்சியசை எட்டும், இரவில் பூஜ்யத்தை ஒட்டி இறங்கும். கோடையிலோ 35 பாகைக்கு மேல் கொளுத்தும் வெயிலில் நிழலில்லாத மதிலோரங்களில் நடக்க வேண்டியிருக்கும். குளிரை ஆடையால் தடுக்கலாம், அந்த வெயிலைத் தடுக்க முடியாது என்பதால், முதியவர்களுக்குக் குளிர்காலமே மேல் என்பது என் கருத்து. என் அம்மாவை நான் அழைத்துப்போனதும் ஒரு ஜனவரி மாதத்தில்தான்.

நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்தல்

குளிர்காலம் என்றாலே கூட்டம் இராது என்று எண்ணிவிட வேண்டாம். டிசம்பர் 6ஆம் நாள் அரசியலமைப்பு நாளுக்காகவும் 8ஆம் நாள் மாதாவின் திருநாளுக்காகவும் ஸ்பெயினில் விடுமுறை என்பதால், அந்த வாரத்தில் உள்நாட்டுப் பயணிகள் திரண்டு வருவார்கள். கிறிஸ்துமஸ் தொடங்கி மூன்று அரசர் திருநாளான ஜனவரி 6 வரையிலும் நெரிசல் இருக்கும். கிரனடாவின் வீழ்ச்சியை நகரமே விழாவாகக் கொண்டாடும் ஜனவரி 2 அன்று, அல்ஹம்ப்ராவின் காவற்கோபுர மணியை அடித்தால் அந்த ஆண்டுக்குள் திருமணம் நடக்கும் என்ற நம்பிக்கையில் இளம்பெண்கள் கோபுரத்தில் ஏறுவார்கள்; பார்க்கச் சுவையான காட்சிதான் என்றாலும், முட்டிவலி உள்ளவரோடு போகத்தக்க நாள் அன்று. டிசம்பர் 25, ஜனவரி 1 ஆகிய இரு நாள்களும் அரண்மனைக்கு விடுமுறை. ஆகவே ஜனவரி நடுப்பகுதியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரையுள்ள வாரங்களில், வார நாள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

அக்டோபர் 15 முதல் மார்ச் 31 வரை காலை 8.30 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடுகிறார்கள். நுழைவுச்சீட்டு வளாகம் முழுவதற்கும் பொதுவானது. ஆனால் அதன் உயிர்நிலையான நஸ்ரிய அரண்மனைகளுக்குள் நுழைவதற்கு மட்டும் சீட்டில் ஒரு குறிப்பிட்ட நேரம் அச்சிடப்பட்டிருக்கும். அந்த நேரத்தைத் தவறவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். வளாகத்தின் மற்றப் பகுதிகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். உள்ளே போனபின் எவ்வளவு நேரம் இருக்கிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் வெளியே வந்துவிட்டால் மறுபடி நுழைய முடியாது. முதியவரோடு போகிறவருக்கு இந்த விதி ஒரு வரம், ஏனெனில் வாசலில்தான் அவசரம், உள்ளே அவசரமே இல்லை.

முதல் நேரமான 8.30ஐ எடுத்துக்கொண்டால் கூட்டம் இராது என்று பலரும் அறிவுரை சொல்வார்கள். கோடையில் அது சரி. டிசம்பர், ஜனவரி மாதங்களில் அங்கே சூரியன் உதிப்பதே ஏறத்தாழ 8.20க்குத்தான் என்பதால், அந்த நேரத்தில் போகிறவர்கள் உறைபனி படிந்த கல்தரையில், வெயில் எட்டிப்பாராத முற்றங்களில் நிற்க வேண்டியிருக்கும். பதினொரு மணியை ஒட்டிய நேரமே சரியானது: அறையில் சூடாகக் காலையுணவு உண்டு, மருந்துகளை எடுத்துக்கொண்டு, பதற்றமில்லாமல் கிளம்பலாம், குளிர்காலத்துச் சூரியன் தெற்கே தாழ்ந்து செல்வதால், நண்பகலை நெருங்கும்போது தென்முகமான மண்டபங்களுக்குள் வெயில் கோடையைவிட ஆழமாக நுழைவதையும் பார்க்கலாம்.

சீட்டை முன்கூட்டியே, அரண்மனை நிர்வாகத்தின் அதிகாரபூர்வ இணையதளத்திலேயே வாங்க வேண்டும். சீட்டு பெயருக்குரியது, வெவ்வேறு வாசல்களில் கடவுச்சீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இங்கேதான் நம்மவர்களுக்கு ஒரு சிக்கல் எழுகிறது. தந்தை பெயரின் முதலெழுத்தோடு ஒற்றைப் பெயர் கொண்ட முதியவர்களின் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் வெற்றாக இருக்கக்கூடும். அல்லது முதலெழுத்து விரிக்கப்பட்டு அவர்களுடைய தந்தையின் பெயர் அங்கே ஏறியிருக்கும். வீட்டில் வழங்கும் பெயரை மறந்துவிட்டுக் கடவுச்சீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து அப்படியே நிரப்புங்கள். எண்ணையும் இருமுறை சரிபாருங்கள். 65 வயது கடந்தோருக்கான கட்டணச் சலுகை ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு உரியது என்பதால், இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவருக்கு அதை வாங்கிவிடக் கூடாது. மூலக் கடவுச்சீட்டையே கையில் எடுத்துப் போக வேண்டும்.

குளிருக்கான ஆயத்தம்

கடவுச்சீட்டும் பிற தாள்களும் ஒழுங்கானபின் உடம்பைக் கவனிக்க வேண்டும். அரண்மனை அறைகளில் சூடேற்றி ஏதும் கிடையாது. அவை கதவில்லாமல் முற்றங்களை நோக்கித் திறந்திருப்பவை. பளிங்குத் தரையின் குளிர் பாதம் வழியாகத்தான் ஏறும். ஆகவே மேலங்கியைவிடக் காலணிக்கே முதலிடம் கொடுங்கள்: பாதம் முழுவதையும் மூடும், வழுக்காத ரப்பர் அடிப்பாகம் கொண்ட, கம்பளிக் காலுறைக்கு இடம்விடும் அளவுள்ள காலணி. அதை ஊரிலேயே வாங்கி இரண்டு வாரமாவது நடந்து பழக்கப்படுத்திவிட்டே புறப்பட வேண்டும்.

புடவைதான் கட்டுவேன் என்று சொல்லும் அம்மாக்களை மாற்ற முயல வேண்டாம். உள்ளே உடலோடு ஒட்டிய வெப்ப உள்ளாடையும் காற்சட்டையும் அணிந்து, அதன்மேல் புடவையைக் கணுக்காலுக்கு இரண்டு விரற்கடை மேலே நிற்கும்படி கட்டினால் போதும். கொசுவம் தரையில் புரண்டால் மழை நனைத்த கூழாங்கல் பாதையிலும் படிகளிலும் அதுவே காலை இடறிவிடும். மேலே கம்பளிச் சட்டையும் காற்றுப் புகாத அங்கியும் வேண்டும். நம் வீடுகளில் மார்கழிக் குளிருக்கு எடுக்கும் குரங்குக் குல்லாய் இங்கே மிகப் பொருத்தமானது. கிரனடாவில் அதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. வாசலில் அடையாளம் பார்க்கும்போது மட்டும் முகத்தைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும்.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கழிப்பறை தேட வேண்டியிருக்குமே என்று அஞ்சி, வெளியே கிளம்பும் நாள்களில் பெரியவர்கள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள்; இரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மருந்து எடுப்பவர்களுக்கு அது நல்லதன்று. நுழைவாயிலில் ஒருமுறையும், நஸ்ரிய அரண்மனைகளுக்குள் போகும் முன், பிற்காலத்து ஸ்பானிய அரசர் ஒருவர் அவற்றை ஒட்டிக் கட்டிய ஐந்தாம் சார்லசு அரண்மனை அருகே ஒருமுறையும் கழிப்பறைக்குப் போய்விடலாம் என்று முதல்நாள் இரவே சொல்லி வைத்தால் அந்த அச்சம் குறையும். வெந்நீர்க் குடுவை ஒன்றும், மருந்துச் சீட்டின் நகலும் கைப்பையில் இருக்கட்டும். ஸ்பெயினுக்குப் போகத் தேவையான ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். அதன் உதவி எண்ணை உங்கள் கைப்பேசியில் மட்டுமன்றி அம்மாவின் பையிலும் எழுதி வையுங்கள். அவசர உதவிக்கு அழைக்க வேண்டிய எண் 112.

தங்குமிடம், அல்ஹம்ப்ராவுக்கு எதிரே பழைய குடியிருப்பு உள்ள அல்பைசின் குன்றில் வேண்டாம். படங்களில் பார்க்கும் வெண்சுவர் வீடுகளும் சந்துகளும் அங்கேதான் உள்ளன என்றாலும், செங்குத்தான கூழாங்கல் பாதைகளில் பெட்டியையும் அம்மாவையும் ஒருசேர ஏற்ற முடியாது. பேராலயத்தைச் சுற்றிய சமதளப் பகுதியில், மின்தூக்கியும் அறைச் சூடேற்றியும் உள்ள விடுதியாகப் பார்த்து, அவ்விரண்டும் இயங்குகின்றனவா என்று எழுதிக் கேட்டுக்கொண்டு முன்பதிவு செய்யுங்கள்.

குன்றின் மேல்: நடக்கும் வரிசை

நகர மையத்தின் இசபெல் லா கத்தோலிகா சதுக்கத்திலிருந்து சி30 என்னும் சிற்றுந்து குன்றின் மேல் செல்கிறது. கோமெரெஸ் சாலை வழியாக நடந்தும் ஏறலாம். எல்ம் மரங்கள் அடர்ந்த அழகிய பாதைதான், ஆனால் கடும் ஏற்றம். அன்றைய நாளுக்கென்று அம்மாவின் கால்களில் உள்ள வலுவை ஏற்றத்தில் செலவழித்துவிட்டால் அரண்மனைக்கு மிச்சம் இராது. வாடகைக் காரிலோ சிற்றுந்திலோ சீட்டு விற்கும் முதன்மை நுழைவாயிலில் இறங்கி, அங்கிருந்து நஸ்ரிய அரண்மனைகளை நோக்கி மெல்ல நடப்பதே நான் பரிந்துரைக்கும் வழி. சாதாரண நடைக்கு இருபது நிமிடம் ஆகும் தொலைவு அது. முதியவரோடு போகும்போது முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். முன்கூட்டியே போய்ச் சேர்ந்தால் உட்கார இடம் தேடலாம். தாமதித்தால் ஓட வேண்டியிருக்கும். நான் அந்தக் கணக்கில் பிழை செய்து, கடைசிப் பத்து நிமிடம் அம்மாவின் கையைப் பிடித்து இழுக்காத குறையாக நடந்தேன். உள்ளே நுழைந்தபின் மூச்சு சீராகும்வரை முதல் அறையை அவர் பார்க்கவே இல்லை.

சக்கர நாற்காலி வேண்டுமா என்ற கேள்வியை வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள். "நான் என்ன நடக்க முடியாதவளா?" என்ற பதில் வரும். நஸ்ரிய அரண்மனைகளிலும் தோட்டங்களிலும் படிகள் இருப்பதால் நாற்காலி எல்லா இடத்துக்கும் போகாது. ஆனால் நீண்ட நடைபாதைகளுக்கும் ஐந்தாம் சார்லசு அரண்மனைக்கும் அது பெரிய உதவி. முதன்மை நுழைவாயிலில் கேட்டால், கிடைக்கும் நாற்காலியையும் அது போகக்கூடிய வழியையும் காட்டுவார்கள்.

நாற்காலிக்கு ஒத்துக்கொள்ளத் தயங்குபவரிடம் சொல்ல உண்மையான காரணம் ஒன்று இருக்கிறது. அல்ஹம்ப்ரா உட்கார்ந்து பார்ப்பதற்காகக் கட்டப்பட்ட இடம். சுல்தானும் அவையினரும் தரையில் கம்பளங்களிலும் மெத்தைகளிலும் அமர்ந்தவர்கள் என்பதால், சாளரங்கள் தாழ்வாகத் திறக்கப்பட்டன. சுவரின் ஓடு வேலைப்பாடும் அதன்மேல் ஓடும் எழுத்துப் பட்டையும் அமர்ந்தவரின் கண்ணுக்கு எட்டும்படி அமைந்தன. விதானங்கள் கீழிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்காகச் செதுக்கப்பட்டன. நின்றபடி கைப்பேசியை நீட்டிப் படமெடுத்துக்கொண்டு நகரும் இளைஞர் கூட்டத்தைவிட, ஓரமாக நாற்காலியில் அமர்ந்திருக்கும் எழுபது வயதுக்காரருக்கே கட்டியவர்கள் நினைத்த காட்சி கிடைக்கிறது. மெலிதான தூண்களின் மேலோ குளத்தின் விளிம்பிலோ சாயவும் உட்காரவும் காவலர்கள் விடமாட்டார்கள் என்பதால், இருக்கை கண்ட இடத்தில் எல்லாம் உட்காருங்கள்.

எதைப் பார்ப்பது

எல்லாவற்றையும் பார்க்க முனைய வேண்டாம். படைக்கோட்டையான அல்காசபாவைத் தயங்காமல் விட்டுவிடலாம். அதன் காவற்கோபுரத்துக்குக் குறுகலான படிகளில் ஏற வேண்டும், குளிர்காலத்தில் உச்சியில் காற்று கடுமையாக அடிக்கும். சேமித்த நேரம் முழுவதையும் நஸ்ரிய அரண்மனைகளின் இரண்டு முற்றங்களுக்குக் கொடுங்கள்.

முதலாவது, மிர்ட்டில் செடிகள் வேலியாக வளர்ந்த குளத்து முற்றம். முப்பத்து நான்கு மீட்டர் அளவு நீளமுள்ள அந்தக் குளத்தின் தெற்குக் கோடியில் நின்றால், வடக்கே 45 மீட்டர் உயரத்தில் எழும் கோமாரெஸ் கோபுரம் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும். நண்பகல் வெயில் அந்தக் கோபுரத்தின் முகத்தில் விழுகிறது. வெயில் விழும் மூலையாகப் பார்த்து அம்மாவை நிறுத்துங்கள். கோபுரத்துக்குள் இருப்பது தூதுவர் மண்டபம். முதலாம் யூசுப் என்னும் சுல்தான் 14ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அமைத்தது. மூன்று சுவர்களிலும் பக்கத்துக்கு மூன்றாக ஒன்பது மாடங்கள். வடபுறத்து நடுமாடம் அரியணைக்குரியது. மேலே 8,017 மரத்துண்டுகளைக் கோத்து ஏழு வானங்களையும் விண்மீன்களையும் காட்டும் விதானம். அரியணையில் அமர்ந்தவர் சாளரங்களின் ஒளியைத் தமக்குப் பின்னே வைத்துக்கொண்டதால், உள்ளே வந்த தூதுவருக்கு அவருடைய முகம் தெரியாது, உருவம் மட்டுமே தெரியும். தூதுவர் முகமோ அவருக்குத் தெளிவாகத் தெரியும். இதைச் சொன்னபோது, "நம் ஊர் வட்டாட்சியர் அலுவலகத்திலும் அப்படித்தான் மேசை போட்டிருப்பார்கள்" என்றார் அம்மா.

இரண்டாவது, ஐந்தாம் முகம்மது கட்டிய சிங்க முற்றம். 124 மெல்லிய பளிங்குத் தூண்கள் சூழ நடுவில் பன்னிரண்டு சிங்கங்கள் ஒரு நீர்த்தொட்டியைத் தாங்குகின்றன. நீண்ட சீரமைப்புக்குப் பின் 2012இல் அவை மீண்டும் இடத்தில் வைக்கப்பட்டன. தொட்டியின் விளிம்பில் அரசவைக் கவிஞர் இப்னு சம்ராக்கின் பாடல் செதுக்கப்பட்டிருக்கிறது: பளிங்கும் நீரும் ஒன்றோடொன்று மயங்கி, இரண்டில் ஓடுவது எது என்று தெரியவில்லை என்னும் கருத்து அதில் வருகிறது. அந்த நீர் குன்றில் ஊறியதன்று. தார்ரோ ஆற்றை ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் மேலே தடுத்து, சரிவைக் கணக்கிட்டு வெட்டிய 'அரச வாய்க்கால்' வழியாக வருவது. வாய்க்கால், மடை, மதகு என்று பேசி வளர்ந்தவரிடம் சுல்தான்களின் வரிசையைச் சொல்வதைவிட இந்த நீர்ப்பாதையைச் சொல்லுங்கள். ஆயிரம் கேள்வி கேட்பார்.

முற்றத்தின் வடபுறத்தில் உள்ள இரு சகோதரிகள் மண்டபம் தெற்கு நோக்கித் திறப்பதால் குளிர்கால வெயில் அதற்கு உண்டு. தரையில் பதித்த இரட்டைப் பளிங்குப் பலகைகளால் வந்த பெயர் அது. சோகக்கதை ஒன்றும் தேட வேண்டாம். அங்கே அண்ணாந்து பார்த்தால், ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட சுதைத் துண்டுகள் தேன்கூடுபோல் தொங்கும் கவிகை தெரியும். கழுத்துவலி உள்ளவர் ஒரு சிறு கைக்கண்ணாடியை மார்பளவில் பிடித்து அதற்குள் பார்க்கலாம். சுவர்களில் திரும்பத் திரும்ப வரும் எழுத்தைக் காட்டி, 'இறைவனைத் தவிர வெற்றியாளர் எவரும் இல்லை' என்ற நஸ்ரியரின் வாசகம் அது என்று சொல்லுங்கள். அதன் வடிவம் ஒருமுறை பழகிவிட்டால், அடுத்த அறைகளில் அவரே அதைக் கண்டுபிடித்துக் காட்டுவார். சுதையைத் தொட மட்டும் கூடாது; விரல் எண்ணெய் பட்டால் கறுத்துவிடும்.

வெளியே வந்தபின் ஒரு மணி நேரமாவது ஓய்வு வேண்டும். வளாகத்துக்குள்ளேயே, பழைய பிரான்சிஸ்கன் மடத்தில் இயங்கும் அரசு விடுதியின் சிற்றுண்டிச்சாலையில் வெளியாரும் அமர்ந்து சூடாக ஏதேனும் குடிக்கலாம். இசபெல்லாவும் பெர்டினாண்டும் 1521 வரை அடக்கம் செய்யப்பட்டிருந்தது அந்த மடத்தில்தான். சைவ உணவுக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: காய்கறி என்று எழுதியிருந்தாலும் பன்றித்தொடை இறைச்சியைத் துண்டாக்கிப் போடும் வழக்கம் அங்கே உண்டு, 'சின் கார்னே, சின் ஹமோன்', அதாவது இறைச்சியும் வேண்டாம் பன்றித்தொடையும் வேண்டாம் என்று சேர்த்தே சொல்லுங்கள். கீரையும் கொண்டைக்கடலையும் சேர்த்துச் சமைத்தது, கரும்புப் பாகு ஊற்றிய கத்தரிக்காய் வறுவல் ஆகியவை நம் நாவுக்கு ஒத்துவரும். நகரில் மதியச் சாப்பாடு ஒன்றரை மணிக்கு முன் கிடைப்பது அரிது. சர்க்கரை நோய் உள்ளவருக்கு இடையில் கொடுக்க ஏதாவது பையில் இருக்க வேண்டும்.

ஹெனெராலிஃபே என்னும் தோட்ட மாளிகை முதன்மை நுழைவாயிலுக்கு அருகில் இருப்பதால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்தே வாடகைக் கார் பிடித்துவிடலாம். கோடை வெம்மையிலிருந்து சுல்தான்கள் ஒதுங்கிய இடம் என்பதால் குளிர்காலத்தில் ரோசாக்கள் இரா. சைப்ரஸ் மரச் சுவர்களும் நீள்வாய்க்கால் முற்றமும், வானம் தெளிந்திருந்தால் எதிரே பனிமலையும் இருக்கும். கைப்பிடிச் சுவரிலேயே நீர் வழிந்தோடும் படிக்கட்டு அங்கே புகழ்பெற்றது. கீழே நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நலம். நாலரை மணிக்குமேல் குளிர் விரைவாக இறங்கும், அதற்குள் கிளம்பிவிடுங்கள். குளிர்காலத்தில் வெள்ளி, சனி இரவுகளில் அரண்மனைகளை விளக்கொளியில் பார்க்கும் வாய்ப்பு உண்டு. அதற்கு நீங்கள் தனியே போய் வரலாம், அம்மா வேண்டாம்.

இன்னொரு நாள் இருந்தால், மாலை ஐந்து மணியளவில் சி32 சிற்றுந்தில் ஏறி அல்பைசினுக்குப் போய், சான் நிக்கோலாஸ் தேவாலயத்தின் முன்னுள்ள திறந்தவெளியில் உட்காருங்கள். நேர் எதிரே, பள்ளத்தாக்கைத் தாண்டி, சூரியன் சாயச்சாய மதில்கள் ஏன் 'சிவந்தது' என்று பெயர் பெற்றன என்பது தெரியும். அங்கே அம்மா வெகுநேரம் தேடி, முந்தைய நாள் தாம் உட்கார்ந்திருந்த கோமாரெஸ் கோபுரத்தின் சாளரத்தைக் கண்டுபிடித்தார். கூட்டம் மிகுதி என்பதால் கைப்பையை முன்பக்கமாக மாட்டிக்கொள்ள வேண்டும். இறங்கும்போதும் நடக்காமல் சிற்றுந்திலேயே இறங்குங்கள், கூழாங்கல் பாதையில் ஏற்றத்தைவிட இறக்கமே முட்டியை அதிகம் வருத்தும்.